2012 லேப்டாப்புக்கு எஸ்.எஸ்.டி. மாட்டினால் போதுமா? விண்டோஸ் 7-ஐ விட்டு எதற்கு மாறுவது?

கோத்தகிரி கொழுந்து
2025 நவம்பர் 9, இரவு 8.40

வணக்கம். கோத்தகிரிப் பக்கம் ஒரு ஹட்டியில் (மலைச் சிற்றூரில்) இருந்து எழுதுகிறேன். சொந்தமாகக் கொஞ்சம் தேயிலை இருக்கிறது. அத்துடன் சுற்றுவட்டாரச் சிறு விவசாயிகளிடம் பச்சை இலை எடுத்து ஃபேக்டரிக்கு அனுப்புகிறோம். யாரிடம் எத்தனை கிலோ எடுத்தோம், எவ்வளவு முன்பணம் போயிருக்கிறது என்ற கணக்கெல்லாம் ஒரே லேப்டாப்பில். அப்பா 2012-ல் வாங்கியது. மூன்றாம் தலைமுறை ஐ3, 4 ஜிபி ரேம், 500 ஜிபி ஹார்ட் டிஸ்க், விண்டோஸ் 7. அப்பா இருந்தவரை அவரே பார்த்துக்கொண்டார். இப்போது அக்காவும் நானும் பார்க்கிறோம்.

ஆன் செய்தால் வேலை தொடங்க ஐந்து நிமிடம் ஆகிறது. க்ரோம் பழைய பதிப்பிலேயே நின்றுவிட்டது, சில தளங்கள் திறப்பதே இல்லை. ஒரு வாரமாக உள்ளே 'டிக் டிக்' என்று ஒரு சத்தம் வேறு. கடையில் காட்டினேன். இனி இதற்குச் செலவு செய்யாதீர்கள், புதிது வாங்கிவிடுங்கள் என்றார்கள். இலை விலை இருக்கும் நிலையில் இப்போது அது முடியாது.

ஹார்ட் டிஸ்க்குக்குப் பதிலாக, சுழலும் பாகம் இல்லாத எஸ்.எஸ்.டி. மாட்டினால் இதற்கு உயிர் வருமா? விண்டோஸ் 11 ஏறுமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.


கூடலூர் மழை
நவம்பர் 9, இரவு 9.05

கட்டாயம் வரும். என் லேப்டாப்பும் அதே காலத்தது. 480 ஜிபி எஸ்.எஸ்.டி. வாங்கி, பழைய டிஸ்க்கை அப்படியே குளோன் செய்து மாட்டினேன். பிறகு ரூஃபஸ் என்ற இலவச மென்பொருளை வைத்துப் பென் டிரைவ் தயாரித்து விண்டோஸ் 11 ஏற்றினேன். டி.பி.எம். என்ற பாதுகாப்புச் சிப் இல்லை என்று தடுக்கும், ரூஃபஸிலேயே அதைத் தாண்டும் வசதி இருக்கிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலைதான்.


குன்னூர் ஸ்குரூ டிரைவர்
நவம்பர் 9, இரவு 9.20

தம்பி, அந்த லேப்டாப்பை இப்போதே அணைத்துவிடுங்கள். இனி ஆன் செய்ய வேண்டாம்.

பதினெட்டு ஆண்டுகளாகக் கம்ப்யூட்டர் சர்வீஸ் செய்கிறேன். 'டிக் டிக்' சத்தம் பெரும்பாலும் டிஸ்க்கைப் படிக்கும் முனையான ரீட் ஹெட் தன் இடத்தைக் கண்டுபிடிக்க முடியாமல் திரும்பத் திரும்ப முயல்வதால் வருவது. அப்படிப்பட்ட டிஸ்க்கில் விண்டோஸை ஓடவிட்டுக்கொண்டே குளோன் செய்தால், கெட்டுப்போன இடத்தில் முட்டி முட்டி நின்று, நன்றாக இருக்கும் பகுதியையும் சேர்த்து இழக்க நேரும். கூடலூர் நண்பர் சொன்ன வழி நல்ல டிஸ்க்குக்குச் சரி. இதற்கு ஆகாது.

அந்தக் கணக்குக்கு வேறெங்காவது நகல் இருக்கிறதா?


கோத்தகிரி கொழுந்து
நவம்பர் 9, இரவு 9.32

அணைத்துவிட்டேன் அண்ணா. இரண்டு வருடத்துக்கு முந்தைய நகல் ஒரு பென் டிரைவில் இருக்கிறது. அதற்குப் பிறகு எடுக்கவில்லை. அப்பா எழுதிய கடிதங்களும் அதில்தான்.


குன்னூர் ஸ்குரூ டிரைவர்
நவம்பர் 9, இரவு 10.15

சரி. முதல் வேலை டேட்டாவை மீட்பது. எஸ்.எஸ்.டி.யும் விண்டோஸும் அதற்கு அப்புறம்.

டிஸ்க்கைக் கழற்றி ஒரு யுஎஸ்பி கேஸில் போட்டு, நன்றாக இருக்கும் வேறொரு கம்ப்யூட்டரில் இணையுங்கள். அந்தக் கம்ப்யூட்டரை விண்டோஸில் திறக்காமல், சிஸ்டம்ரெஸ்க்யூ என்ற இலவச லினக்ஸைப் பென் டிரைவில் ஏற்றி அதிலிருந்து பூட் செய்யுங்கள். அதில் டிடிரெஸ்க்யூ என்ற கருவி இருக்கிறது. நகல் போய் இறங்க 500 ஜிபிக்கு மேல் காலி இடமுள்ள இன்னொரு டிஸ்க் தேவை.

இந்தக் கருவி சாதாரண காப்பி போல வரிசையாகப் போகாது. சுலபமாகப் படிக்க முடிகிற பகுதியையெல்லாம் முதலில் எடுத்துவிடும், அடம்பிடிக்கிற இடங்களுக்குக் கடைசியில் திரும்பி வரும். எதுவரை எடுத்தோம் என்று ஒரு மேப் ஃபைலில் குறித்துக்கொண்டே போகும். மேப் ஃபைலை மறக்காமல் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள், நடுவில் கரண்ட் போனாலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். நவம்பர் மாதத்தில் கோத்தகிரியில் இது எவ்வளவு முக்கியம் என்று உங்களுக்கே தெரியும்.

இன்னொன்று. எந்த நகல் எந்த டிஸ்க்குக்குப் போகிறது என்பதை மூன்று முறை சரிபாருங்கள். மூலத்தையும் இலக்கையும் மாற்றிக் கொடுத்துவிட்டால் வெற்று டிஸ்க் உங்கள் கணக்கின் மேல் எழுதிவிடும். கை நடுங்குகிறது என்றால் குன்னூருக்குக் கொண்டு வாருங்கள், சேர்ந்தே செய்யலாம்.


மஞ்சூர் டீச்சர்
நவம்பர் 10, காலை 6.50

ஒரு சின்ன நினைவூட்டல். அப்பா எழுதிய கடிதங்கள் பாமினி மாதிரிப் பழைய எழுத்துருவில் இருக்கின்றனவா? அப்படியென்றால் ஆவணங்களோடு சேர்த்து விண்டோஸ் ஃபோல்டருக்குள் உள்ள ஃபாண்ட்ஸ் ஃபோல்டரையும் எடுத்து வையுங்கள். அந்தக் கால எழுத்துருக்களில் தமிழ் தமிழாகச் சேமிக்கப்படவில்லை. ஆங்கில எழுத்துகளுக்குத் தமிழ் உருவத்தை மாட்டியிருப்பார்கள், அவ்வளவுதான். எழுத்துரு இல்லாத புதுக் கம்ப்யூட்டரில் திறந்தால் ஒரு வரிகூடப் புரியாது. எங்கள் பள்ளியில் பத்து வருட ஆண்டு விழா அறிக்கைகளுக்கு இதுதான் நடந்தது. எந்த எழுத்துருவில் அடித்தோம் என்று கண்டுபிடிக்கவே இரண்டு நாள் ஆயிற்று.

எழுத்துரு கையில் இருந்தால் அப்படியே படிக்கலாம். நிதானமாக உட்கார்ந்து ஒவ்வொன்றாக யூனிகோடுக்கும் மாற்றிவிடலாம், அதற்கு இலவச மாற்றிகள் நிறைய உண்டு.


கோத்தகிரி கொழுந்து
நவம்பர் 10, காலை 7.15

பாமினிதான் டீச்சர். நீங்கள் சொல்லாவிட்டால் எனக்குத் தோன்றியே இருக்காது. நன்றி.


எல்லநள்ளி
நவம்பர் 10, மதியம் 1.10

இடையில் ஒரு சந்தேகம். மலை உயரத்தில் ஹார்ட் டிஸ்க் சீக்கிரம் கெட்டுவிடும் என்று ஒருவர் சொன்னார். உண்மையா?


குன்னூர் ஸ்குரூ டிரைவர்
நவம்பர் 10, இரவு 8.00

ஓரளவு காரணம் இருக்கிறது, ஆனால் நமக்குப் பொருந்தாது. சாதாரண ஹார்ட் டிஸ்க்கில் ரீட் ஹெட், சுழலும் தட்டின் மேல் ஒரு மெல்லிய காற்றுப் படலத்தில் மிதக்கிறது. மிக உயரத்தில் காற்று லேசாகிவிடுவதால் அந்த மிதப்பு குறையும். அதனால் தயாரிப்பாளர்கள் ஒரு உயர வரம்பு தருவார்கள். பெரும்பாலான டிஸ்க்குகளுக்கு அது சுமார் 3,000 மீட்டர். நம் தொட்டபெட்டா உச்சியே 2,637 மீட்டர்தான்.

இங்கே டிஸ்க்கைக் கொல்வது இரண்டு. ஒன்று, மரம் விழுந்து கம்பி அறுந்து, கரண்ட் போய்ப் போய் வருவது. லேப்டாப் பேட்டரி செத்துப்போயிருந்தால் ஒவ்வொரு முறையும் பாதி வேலையில் அணைகிறது. இரண்டு, ஓடிக்கொண்டிருக்கும்போதே அசைப்பது. ஜீப்பில் மடியில் வைத்து வேலை பார்க்கிறவர்களின் டிஸ்க்கை நிறையப் பார்த்திருக்கிறேன். எஸ்.எஸ்.டி.யில் சுழலும் பாகமே இல்லை என்பதால் குலுக்கல் பிரச்சினை போய்விடும். கரண்ட் பிரச்சினை போகாது. சாதாரண எஸ்.எஸ்.டி.களில் திடீர் மின்தடையைத் தாங்கும் கெப்பாசிட்டர்கள் இருக்காது. அதனால் பேட்டரியை மாற்றுங்கள், அல்லது சின்ன யூ.பி.எஸ். வையுங்கள்.

ஈரம் பற்றியும் சொல்லிவிடுகிறேன். ஊட்டிக் குளிரில் இரவெல்லாம் கிடந்த லேப்டாப்பை மேட்டுப்பாளையத்துக்கு எடுத்துப்போய் உடனே திறந்தால், குளிர்ந்த பாகங்களின் மேல் நீர் முத்து பிடிக்கும். பையைத் திறக்காமல் ஒரு மணி நேரம் விட்டுவிட்டு ஆன் செய்யுங்கள்.


கோத்தகிரி கொழுந்து
நவம்பர் 14, இரவு 11.20

செய்துவிட்டோம். சித்தப்பா மகனின் லேப்டாப்பில் இணைத்து புதன் இரவு தொடங்கினேன். இரண்டு முறை கரண்ட் போனது. இரண்டு முறையும் விட்ட இடத்திலிருந்தே தொடர்ந்தது. முதல் ஆறு மணி நேரத்தில் முக்கால்வாசிக்கு மேல் வந்துவிட்டது. மீதிக்கு வியாழன் முழுக்க, வெள்ளி மதியம் வரை ஆயிற்று. கடைசியில் மிகச் சிறிய பகுதிதான் படிக்க முடியாமல் போனது.

கணக்கு ஃபைல்கள் எல்லாம் திறக்கின்றன. 2012 ஜூனில் அப்பா போட்ட முதல் பக்கத்திலிருந்து இருக்கிறது. கடிதங்களில் இரண்டு மட்டும் பாதியில் நிற்கின்றன. நகலை இரண்டு இடத்தில் வைத்துவிட்டேன்.

அண்ணா, டீச்சர், உங்கள் இருவருக்கும் என்ன சொல்வதென்று தெரியவில்லை. இனி அடுத்த கட்டம் சொல்லுங்கள்.


குன்னூர் ஸ்குரூ டிரைவர்
நவம்பர் 15, காலை 9.30

ரொம்ப மகிழ்ச்சி தம்பி. இனி நிம்மதியாகப் பேசலாம்.

எஸ்.எஸ்.டி. ஏன் இவ்வளவு வித்தியாசம் காட்டுகிறது என்று தெரிந்துகொண்டால் எதை வாங்குவது என்பதில் குழப்பம் வராது. உங்கள் டிஸ்க் நிமிடத்துக்கு 5,400 சுற்று. ஒரு சுற்றுக்கு 11 மில்லி செகண்ட். வேண்டிய இடம் ஹெட்டின் கீழ் வர, சராசரியாகப் பாதிச் சுற்று காத்திருக்க வேண்டும், ஹெட் நகரும் நேரம் தனி. ஆகச் சிதறிக் கிடக்கும் சின்னச் சின்ன ஃபைல்களை எடுக்கும்போது ஒரு செகண்டுக்கு அறுபது எழுபது முறைக்கு மேல் அதனால் போய்வர முடியாது. விண்டோஸ் பூட் ஆகும்போது இப்படி ஆயிரக்கணக்கில் எடுக்கிறது. உங்கள் இலை ஜீப்பையே எடுத்துக்கொள்ளுங்கள். மூட்டையை ஏற்ற இரண்டு நிமிடம்தான். ஒரு ஹட்டியிலிருந்து அடுத்த ஹட்டிக்கு வளைவு வளைவாகப் போகிற நேரம்தான் நாளையே தின்கிறது. எஸ்.எஸ்.டி.யில் அந்தப் பயணமே இல்லை.

அதனால் பெட்டியில் போட்டிருக்கும் செகண்டுக்கு 550 எம்பி என்ற எண்ணைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். டிஸ்க்கை லேப்டாப்போடு சேர்க்கும் சாட்டா இணைப்பின் எல்லையே கிட்டத்தட்ட அதுதான், எல்லாக் கம்பெனியும் அதையே போடுவார்கள். உங்கள் லேப்டாப்புக்கு 2.5 அங்குல சாட்டா வகைதான் பொருந்தும். எம்.2 என்று சின்னப் பட்டையாக வருவதை வாங்கிவிடாதீர்கள், மாட்ட இடம் இருக்காது. டி.எல்.சி. வகை (ஒரு மெமரி செல்லில் மூன்று பிட் வைப்பது) கிடைத்தால் அதை எடுங்கள். பில்லுடன், வாரண்டியுடன் வாங்குங்கள். அடிமட்ட விலைக்கு 2 டெராபைட் என்று ஆன்லைனில் வருவதில் போலிகள் உண்டு. உள்ளே சின்ன மெமரி கார்டை வைத்து, பெரிய அளவாகக் காட்டும்படி செய்திருப்பார்கள்.

எழுதி எழுதித் தேய்ந்துவிடும் என்ற பயம் உங்களுக்கு வேண்டாம். ஒரு நாளைக்கு 10 ஜிபி எழுதினாலும் ஆண்டுக்கு 3.65 டெராபைட். 480 ஜிபி டிஸ்க்குகள் பொதுவாக நூறு டெராபைட்டுக்கு மேலேயே உத்தரவாதம் தருகின்றன. பயப்பட வேண்டியது வேறு. எஸ்.எஸ்.டி. கெட்டால் 'டிக் டிக்' என்று முன்கூட்டிச் சொல்லாது. ஒரு நாள் காலையில் சும்மா இருக்கும். நகல் இல்லையென்றால் மீட்பது ஹார்ட் டிஸ்க்கைவிடக் கஷ்டம்.

ரேமை 8 ஆக்குங்கள். உங்கள் மாடல் டி.டி.ஆர்.3. 1.35 வோல்ட்டில் ஓடும் டி.டி.ஆர்.3எல் கிடைத்தாலும் போடலாம், அது 1.5 வோல்ட்டிலும் ஓடும். நான்காம் தலைமுறை லேப்டாப்புகளில்தான் கவனம் வேண்டும், அவற்றில் பழைய 1.5 வோல்ட் ரேமைப் போட்டால் திரையே வராது. இந்த வருடம் மெமரி விலை ஏறியிருக்கிறது, அதனால் கழற்றிய நல்ல ரேம் யாரிடமாவது இருக்கிறதா என்று கேளுங்கள். என்னிடமே ஒன்று இருக்கலாம்.


கூடலூர் மழை
நவம்பர் 15, காலை 10.40

டிஸ்க் விஷயத்தில் நான் அவசரப்பட்டுச் சொல்லிவிட்டேன். சத்தம் என்று எழுதியிருந்ததை நான் கவனித்திருக்க வேண்டும்.

ஆனால் விண்டோஸ் 11 விஷயத்தில் என் கருத்தில் மாற்றமில்லை. பழகிய கையை எதற்கு மாற்ற வேண்டும்? எனக்கு ஒன்றரை வருடமாக ஓடுகிறது.


குன்னூர் ஸ்குரூ டிரைவர்
நவம்பர் 15, மதியம் 12.15

ஓடும், மறுக்கவில்லை. விண்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்பிலிருந்து புராசஸரில் எஸ்.எஸ்.இ.4.2 என்ற கட்டளைத் தொகுப்பு கட்டாயம். மூன்றாம் தலைமுறை ஐ3-யில் அது இருக்கிறது. பழைய கோர் 2 டுயோ என்றால் பூட்டே ஆகாது. ஆனால் மைக்ரோசாஃப்ட் அதிகாரபூர்வமாகக் கேட்பது டி.பி.எம். 2.0, இன்டெலில் ஏறக்குறைய எட்டாம் தலைமுறைக்கு மேல். அந்த வரம்புக்கு வெளியே இருக்கும் கம்ப்யூட்டருக்கு ஆண்டுதோறும் வரும் பெரிய அப்டேட் தானாக வராது, ஒவ்வொரு முறையும் பென் டிரைவோடு உட்கார வேண்டும். கை பழகிய உங்களுக்கு அது பெரிதல்ல. இலை எடுக்கிற வீட்டில், மாதக் கடைசியில் நாற்பது பேருக்குக் கணக்குக் கொடுக்க வேண்டிய இடத்தில், அதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

விண்டோஸ் 10-க்கு ஆதரவு போன மாதம் 14-ஆம் தேதி முடிந்துவிட்டது. வீட்டுப் பயனாளர்கள் பதிவு செய்துகொண்டால் 2026 அக்டோபர் வரை பாதுகாப்பு அப்டேட் மட்டும் உண்டு. ஓராண்டுக்காக இவ்வளவு வேலையா? முன்பு விண்டோஸ் 7 சாவியை வைத்தே 10-ஐ ஆக்டிவேட் செய்யலாம், 2023-ல் அதையும் அடைத்துவிட்டார்கள். ஆக்டிவேட்டர் என்று சுற்றுகிற கிராக் எதையும் கணக்கு வைத்திருக்கும் கம்ப்யூட்டரில் தொடவே தொடாதீர்கள்.


மஞ்சூர் டீச்சர்
நவம்பர் 15, மாலை 5.30

விண்டோஸுக்குப் பதிலாக, லினக்ஸ் மின்ட் என்ற இயங்குதளத்தைப் போடுங்கள் என்பேன். அதில் இலகுவான எக்ஸ்.எஃப்.சி.இ. பதிப்பு. 22 வரிசைக்கு 2029 வரை அப்டேட் உண்டு, விலை கிடையாது, இந்த லேப்டாப்புக்குத் தாராளமாகப் போதும். எங்கள் பள்ளி லேபில் இதைவிடப் பழையவை அதில்தான் ஓடுகின்றன. ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் இரண்டே நாளில் பழகிவிட்டார்கள்.

ஆனால் கொழுந்து தம்பி, என் பேச்சைக் கேட்டு உடனே மாற்றிவிடாதீர்கள். மின்டைப் பென் டிரைவில் ஏற்றினால், நிறுவாமலேயே அதிலிருந்து ஓட்டிப் பார்க்கலாம். இரண்டு நாள் அப்படி வேலை செய்யுங்கள். கணக்கு ஃபைலை, எக்செல் போன்ற வசதியுள்ள லிப்ரே ஆஃபீஸில் திறந்து ஒரு மாதக் கூட்டலைச் சரிபாருங்கள். பிரிண்டரில் ஒரு பக்கம் எடுங்கள். வைஃபை பிடிக்கிறதா பாருங்கள். டேலி உபயோகிக்கிறீர்களா? அது விண்டோஸில் ஓடும் கணக்கு மென்பொருள். அதுதான் உயிர்நாடி என்றால் நானே விண்டோஸில் இருங்கள் என்பேன்.

அக்கா தமிழில் எப்படி அடிப்பார்?


கோத்தகிரி கொழுந்து
நவம்பர் 15, இரவு 7.45

டேலி இல்லை டீச்சர், எக்செல் மட்டும்தான். ஜி.எஸ்.டி. வேலையெல்லாம் ஆடிட்டரே பார்த்துக்கொள்கிறார். அக்கா டைப்ரைட்டிங் ஹையர் முடித்தவள், பழைய தட்டச்சு முறைதான் தெரியும். தமிழ்99 விசைப்பலகை முறை பழக்கமில்லை.


மஞ்சூர் டீச்சர்
நவம்பர் 15, இரவு 8.10

கவலையே இல்லை. மின்டில் ஐபஸ் என்ற உள்ளீட்டு வசதியுடன் எம்17என் தொகுப்பைச் சேர்த்தால் தமிழ்99, ஒலிபெயர்ப்பு, தட்டச்சு எல்லாம் பட்டியலில் வரும். அக்கா டைப்ரைட்டரைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளட்டும். வெளிவருவது யூனிகோட் என்பதால் இனி எந்த போனிலும் படிக்கலாம்.


கோத்தகிரி கொழுந்து
நவம்பர் 23, இரவு 9.50

நடந்ததை அப்படியே எழுதுகிறேன், இதே லேப்டாப் வைத்திருக்கும் யாருக்காவது உதவும்.

480 ஜிபி எஸ்.எஸ்.டி. வாங்கினேன். ரேம் அண்ணனிடமிருந்தே கிடைத்தது. அடிமூடியில் எட்டு ஸ்குரூ, பேட்டரியைக் கழற்றிவிட்டுத்தான் திறந்தேன். பழைய டிஸ்க் 9.5 மில்லிமீட்டர் தடிமன், புதியது 7. மாட்டியபோது சரியாக இருப்பதாகத்தான் தோன்றியது. மூடிவிட்டு ஆன் செய்தால் டிஸ்க்கே இல்லை என்றது. லேப்டாப்பின் அடிப்படை அமைப்புகள் இருக்கும் பயாஸில் அரை மணி நேரம் தேடினேன். லேப்டாப்பைச் சாய்த்தபோது தெரிந்தது, டிஸ்க் ஆடுவதால் கனெக்டர் விட்டுப்போகிறது. பெட்டியில் வந்திருந்த பிளாஸ்டிக் சட்டத்தை வேண்டாததென்று நினைத்து ஓரமாக வைத்திருந்தேன். அதை ஒட்டியதும் கச்சிதமாக உட்கார்ந்துவிட்டது.

அடுத்து, எந்தத் தளத்தைத் திறந்தாலும் பாதுகாப்பு எச்சரிக்கை வந்தது. காரணம் தேதி. 2009 என்று காட்டியது. உள்ளே இருக்கும் பயாஸ் பேட்டரி தீர்ந்துபோயிருக்கிறது. மாற்றினேன், சரியானது.

டீச்சர் சொன்னபடி இரண்டு நாள் பென் டிரைவிலிருந்தே ஓட்டினோம். பிரிண்டர் முதலில் எடுக்கவில்லை, டிரைவரைத் தேடிப் போட வேண்டியிருந்தது. கணக்கு ஃபைலில் ஒரே ஒரு சிக்கல். முன்பணத்தையும் உரச் செலவையும் கழித்து மீதியைக் காட்ட அப்பா எக்செலில் தானாக ஓடும் ஒரு மேக்ரோ எழுதி வைத்திருந்தார், அது லிப்ரே ஆஃபீஸில் ஓடவில்லை. அவர் எழுதியதை வரி வரியாகப் படித்தேன். ஒவ்வொரு விவசாயிக்கும் தனித்தனியாக, கையிருப்பு மைனஸில் போனால் அந்த மாதம் பிடிக்காமல் அடுத்த மாதத்துக்குத் தள்ளுகிற மாதிரி வைத்திருக்கிறார். அப்படி ஒரு ஏற்பாடு இருந்தது எங்களுக்கே தெரியாது. அதைச் சாதாரண ஃபார்முலாவாக மாற்றிவிட்டேன். 2024 முழுவதற்கும் போட்டுப் பார்த்தோம், ஒரு ரூபாய் வித்தியாசம் இல்லை. அப்புறம்தான் நிறுவினோம்.

இப்போது ஆன் செய்து 25 செகண்டில் கணக்கு திறக்கிறது. அக்கா தட்டச்சு முறையில் முதல் கடிதம் அடித்துவிட்டாள்.


கூடலூர் மழை
நவம்பர் 23, இரவு 10.20

அந்தப் பிளாஸ்டிக் சட்டம் பற்றி எழுதியதற்கு நன்றி. மேக்ரோ விஷயம் படித்து மனசு நிறைந்தது. நானும் ஒரு பென் டிரைவில் மின்ட் போட்டுப் பார்க்கப் போகிறேன்.


குன்னூர் ஸ்குரூ டிரைவர்
நவம்பர் 24, காலை 8.15

நல்ல வேலை தம்பி. இரண்டு குறிப்பு. எஸ்.எஸ்.டி.யை டீஃபிராக் (சிதறிய ஃபைல்களை ஒன்றுசேர்த்து அடுக்குவது) செய்யாதீர்கள். மின்ட் வாரம் ஒரு முறை டிரிம் என்ற துப்புரவைத் தானே செய்துகொள்ளும், அது போதும். ஒவ்வொரு சனிக்கிழமையும் கணக்கை வெளி டிஸ்க்கில் நகல் எடுங்கள், எடுத்ததும் கேபிளைக் கழற்றிவிடுங்கள். இடி மின்னலில் இணைத்தே வைத்திருந்த நகலும் சேர்ந்து போன வீடுகளைப் பார்த்திருக்கிறேன்.

பழைய டிஸ்க்கை எறியாதீர்கள். பாதியில் நிற்கும் அந்த இரண்டு கடிதங்களுக்கு இன்னொரு முறை முயன்று பார்க்கலாம். சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு டப்பாவில் மூடி, மேலே தேதி எழுதி வையுங்கள். டிசம்பரில் கொண்டு வாருங்கள்.


எல்லநள்ளி
நவம்பர் 24, இரவு 7.30

எங்கள் வீட்டில் ஒரு கோர் 2 டுயோ டெஸ்க்டாப் இருக்கிறது. 2 ஜிபி ரேம், விண்டோஸ் எக்ஸ்.பி. பிள்ளைகளின் சின்ன வயது போட்டோ எல்லாம் அதில். சத்தம் எதுவும் இல்லை. இதற்கும் செய்யலாமா?


கோத்தகிரி கொழுந்து
நவம்பர் 24, இரவு 8.05

செய்யலாம் அண்ணா. சாட்டா பழைய வேகத்தில் இருக்கும், ஆனாலும் அண்ணன் சொன்ன அந்த ஹட்டிக்கு ஹட்டி அலைச்சல் மிச்சம். பயாஸில் ஏ.எச்.சி.ஐ. என்ற சாட்டா அமைப்பு இருக்கிறதா என்று பாருங்கள். சத்தம் இல்லையென்றாலும் போட்டோக்களை முதலில் வெளியே எடுத்துவிடுங்கள். யுஎஸ்பி கேஸும் சிஸ்டம்ரெஸ்க்யூ பென் டிரைவும் என்னிடம் சும்மாதான் இருக்கின்றன. வியாழக்கிழமை ஊட்டிக்கு வருகிறேன், வழியில் எல்லநள்ளியில் இறங்கிக் கொடுத்துவிட்டுப் போகிறேன்.